206 எலும்பையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டுமா?

ஜூன் 3, மாலை 6.20 – கேள்வி

நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க இன்னும் இரண்டு மாதம். ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் நண்பன், "206 எலும்பின் பெயரையும் இப்போதே உருப்போட்டுவிடு, இல்லையென்றால் முதல் தேர்வோடு நீ காலி" என்கிறான். மண்டையோட்டில் ஆரம்பித்து மூன்று நாளாகிறது. நேற்றுப் படித்தது இன்றைக்கு நினைவில் இல்லை. உண்மையிலேயே இதுதான் அடிப்படையா? மருத்துவத் துறைக்குள் நுழைகிறவனுக்கு முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? அனுபவம் உள்ள அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 9.45

மண்டையோட்டை மூடி வை, தம்பி.

அந்த 206 என்பதே எல்லாருக்கும் பொருந்துகிற எண் இல்லை. பிறந்த குழந்தைக்கு எலும்புத் துண்டுகள் அதைவிட அதிகம். வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்துதான் இந்தக் கணக்குக்கு வருகிறது. பெரியவர்களிலும் சிலருக்கு ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கும். அது தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போவார்கள்.

பதினாறு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். இப்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். இரவு இரண்டு மணிக்குப் போனில் எந்த டாக்டரும் என்னிடம் எலும்பின் பெயர் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் இவைதாம்: மூச்சு எத்தனை, சாயங்காலம் எத்தனை இருந்தது, சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது, அந்த மருந்து எத்தனை மில்லி போட்டீர்கள். எல்லாமே எண்.

அதனால் என் கட்சி இது. எவ்வளவு, எந்த அலகில், முன்பு எவ்வளவு. எதைப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்வியும் தானாக ஓட வேண்டும். அதற்குப் பழகிக்கொண்டு வா. பெயர்கள் அப்புறம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 3, இரவு 9.52

மணிக்கட்டில் எட்டு எலும்பு. "உங்களுக்கே தெரியாது போல" என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 4, காலை 7.10

"கணக்குக்குப் பயந்துதானே உயிரியல் பக்கம் வந்தோம், இங்கேயும் கணக்கா?" என்று ஒருவர் புலம்பியிருக்கிறார். பெருக்கல், வகுத்தல் போதும். ஆனால் அந்தப் பெருக்கலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ரத்தம் கல்லீரலில் புதிது புதிதாக உண்டாகி, உடம்பெங்கும் போய் அங்கேயே செலவாகிவிடுகிறது என்று பழங்காலக் கிரேக்க மருத்துவர் காலனின் காலத்திலிருந்து கிட்டத்தட்ட ஆயிரத்து நானூறு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள். வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தை அரைமணி நேரத் துடிப்புகளால் பெருக்கிப் பார்த்தார். வந்த விடை, உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தையே தாண்டிவிட்டது. அவ்வளவையும் கல்லீரல் எங்கிருந்து கொண்டுவரும்? போனதுதான் திரும்பி வருகிறது. 1628-இல் இதை அச்சிட்டார். ஒரு துடிப்புக்கு அவர் வைத்துக்கொண்ட அளவு இன்று நமக்குத் தெரிந்ததைவிட மிகக் குறைவு. அப்படிக் குறைத்துப் போட்டும் கணக்கு ஜெயித்தது. தமனியையும் சிரையையும் இணைக்கிற தந்துகிகளை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. மால்பீகி 1661-இல் தவளையின் நுரையீரலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துத்தான் அவற்றைக் கண்டுபிடித்தார்.

இன்றைய எண்ணை நீயே போடு. துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு: 5,040 மில்லி. பெரியவர் உடம்பில் இருக்கும் ரத்தமும் ஏறத்தாழ ஐந்து லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஒரு சுற்று! இது மனத்தில் உட்கார்ந்துவிட்டால், பெரிய தமனி வெட்டுப்பட்டவரை ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று தனியாக யாரும் விளக்க வேண்டாம்.

ஜூன் 4, காலை 7.25

சிரை என்றதும் ஞாபகம் வந்தது. "நரம்பு ஊசி", "நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு தடவை குத்தினார்கள்" என்றுதான் நாம் எல்லாரும் பேசுகிறோம். அது நரம்பு இல்லை, சிரை. நரம்பு என்பது செய்தி கடத்துகிற கம்பி, அதற்குள் ரத்தம் ஓடாது. நோயாளியிடம் அவர் பேச்சிலேயே பேசு, தப்பில்லை. உன் தலைக்குள் மட்டும் இரண்டையும் பிரித்து வைத்துக்கொள். நிஜமாகவே நரம்பில் ஊசி ஏறினால் எப்படி இருக்கும் என்பதை, இடுப்பில் இடம் தவறிப் போட்ட ஊசியால் கால் மரத்துப்போனவரிடம் கேட்டால் சொல்வார்.

ஜூன் 4, இரவு 10.30

சரி, அலகு. இதை இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம், ஒரே வாரத்திலும் முடிக்கலாம்.

ஒரு சதவீதம் என்றால் 100 மில்லியில் ஒரு கிராம். அதாவது மில்லிக்கு 10 மில்லிகிராம். மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் 2 சதவீதம் என்று குப்பியில் போட்டிருந்தால் மில்லிக்கு 20 மில்லிகிராம். 20 மில்லி ஏற்றினால் 400 மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது. 'இரண்டு சதவீதம்தானே' என்கிற அலட்சியம் இந்த இடத்தில் கரைந்துவிடும்.

அட்ரினலினில் 1:1000 என்று இருக்கும். ஆயிரம் மில்லியில் ஒரு கிராம், ஆகவே மில்லிக்கு ஒரு மில்லிகிராம். 1:10,000 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. பின்னால் இருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக மருந்து நீர்த்துப்போகிறது.

ஊசிக்குழாயின் கேஜும் இதே மாதிரி தலைகீழ்தான். 14 தடிமன், 24 மெல்லியது. ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு ஏன் தடிமனானதைத் தேடுகிறார்கள் தெரியுமா? குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். இது இயற்பியல் பாடத்தில் வந்ததுதான். அங்கே மதிப்பெண்ணுக்காகப் படித்தோம்.

டிரிப் கணக்கு: 500 மில்லி, நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240-ஆல் வகு. நிமிடத்துக்கு 42 சொட்டு.

ஜூன் 5, இரவு 8.50

மைக்ரோகிராமைப் பற்றி நேற்று எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. சரி, சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருடம். உத்தரவில் 500 மைக்ரோகிராம். ஆம்பியூலில், அதாவது மருந்தை அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில், மில்லிக்கு ஒரு மில்லிகிராம். ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் தூக்கத்திலும் எழுதுவேன். ஆனால் அன்று காலை, ஆறு பேருக்கு மருந்து பாக்கி, பின்னால் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் தலை நூறு என்று எடுத்துக்கொண்டது. ஐந்து மில்லி என்று விடை வந்தது. டிரேயில் ஐந்து ஆம்பியூலை வரிசையாக அடுக்கி, இரண்டை உடைத்தும்விட்டேன்.

வார்டு சிஸ்டர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார். திட்டவில்லை. "இது ஒருத்தருக்கா, வார்டு முழுக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

சரியான விடை அரை மில்லி. பத்து மடங்கு ஏற்றவிருந்தேன்.

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை இன்றும் வகுப்பில் சொல்கிறேன். ஆம்பியூல் தயாரிக்கிறவன் வழக்கமாக ஒருவருக்குத் தேவைப்படும் அளவை ஒட்டித்தான் அடைப்பான். ஒரே ஊசிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் உடைக்கப் போகிறாய் என்றால் கையை எடுத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டுக் கணக்கைப் போடச் சொல். உன் விடையை முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் அவரும் தலையாட்டிவிடுவார்.

ஜூன் 5, இரவு 9.05

அப்புறம், தமிழில் சுருக்கி எழுதுகிறவர்களுக்கு: மி.கி., மை.கி. அவசரக் கையெழுத்தில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? முழுதாக எழுதுங்கள். 0.5 என்பதை வெறும் .5 என்று எழுதாதீர்கள், 5 என்பதை 5.0 என்று இழுக்காதீர்கள். புள்ளி கண்ணில் படாவிட்டால் முதலாவது ஐந்தாகிவிடும், இரண்டாவது ஐம்பதாகிவிடும்.

ஜூன் 6, மாலை 5.40

கேள்வி கேட்ட தம்பி, "கணக்கு சரி, அறிவியலில் எந்தப் பாடத்தைத் திரும்பப் பார்ப்பது" என்கிறான். ஒன்றே ஒன்று என்றால் சவ்வூடு பரவல். பள்ளியில் எல்லாரும் தாண்டிக் குதித்துப் போன பாடம்.

கரைந்த பொருளின் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் சவ்வைக் கடந்து போகும். அவ்வளவுதான். ஆனால் இதை வைத்துத்தான் சலைன், கால் வீக்கம், சர்க்கரை நோயாளி ஏன் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார் என்பது எல்லாம். சிவப்பணுக்களைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து அவை உப்பி வெடித்துவிடும். அதனால்தான் சும்மா தண்ணீரைச் சிரையில் ஏற்றுவதில்லை. லிட்டருக்கு 9 கிராம் உப்பு, 0.9 சதவீதம், இருந்தால் சிவப்பணு உப்பவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. ஆய்வக வகுப்பில் மூன்று சோதனைக் குழாயில் இதைச் செய்துகாட்டுவேன். வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் மட்டும் கலங்கல் நீங்கிச் சிவப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பின்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் எழுத்து தெரியும். அந்த நிமிடம் வகுப்பில் யாரும் போனைப் பார்ப்பதில்லை.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், நெடுநேரம் தண்ணீரில் இருந்தால் விரல்நுனி சுருங்குகிறதே, அதுவும் இதுதான்.

ஜூன் 6, மாலை 5.55

'நார்மல்' சலைன் என்ற பெயரை நம்பி அதை ரத்தத்தின் நகல் என்று நினைக்காதே. ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிமோலை ஒட்டி இருக்கும். அந்தப் பாட்டிலில் 154.

ஜூன் 7, மதியம் 1.15

திருத்தம். விரல்நுனி விஷயத்தில் நான் சொன்னது தப்பு.

உடற்பயிற்சிச் சிகிச்சை படித்த ஒருவர் சுட்டிக்காட்டினார். நரம்பு அறுபட்ட விரலை எவ்வளவு நேரம் தண்ணீரில் வைத்தாலும் சுருங்காதாம். தோலுக்குள் தண்ணீர் புகுவது மட்டுமே காரணம் என்றால் நரம்பு இருந்தால் என்ன, அறுந்தால் என்ன? யோசித்ததும் எனக்கே உறைத்தது, கைக் காயத்தில் நரம்பு பிழைத்திருக்கிறதா என்று பார்க்க இதையே ஒரு சோதனையாகச் செய்வார்கள். நரம்பின் உத்தரவில் உள்ளே ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, மேலே தோல் மடிகிறது.

பத்து வருடமாக வகுப்பில் இந்த உதாரணத்தைச் சொல்லி வந்திருக்கிறேன். எத்தனை பேர் எழுதிக்கொண்டார்களோ! சிவப்பணு உதாரணம் நிற்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். விரலை விட்டுவிடுங்கள்.

ஜூன் 7, மதியம் 1.30

இன்னொரு திருத்தமும் வந்திருக்கிறது, நியாயமானது. மில்லிக்கு 20 சொட்டு என்பது எல்லா டிரிப் செட்டுக்கும் பொருந்தாது. 15 வரும், 10 வரும், சின்னச் சொட்டு செட்டில் 60 வரும். உறையிலேயே அச்சடித்திருக்கும், பிரிப்பதற்கு முன் படி. அதே 500 மில்லி, 15 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 31. அறுபது சொட்டு செட்டில் ஒரு வசதி: மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. வகுக்கவே வேண்டாம்.

ஜூன் 9, இரவு 11.00

பெயர்கள் தேவையில்லை என்ற தொனியில் முதல் நாள் எழுதியதற்கு நல்ல அடி விழுந்திருக்கிறது. "பெயர் தெரியாமல் டியூட்டி மாறும்போது எப்படி ஒப்படைப்பீர்கள், படம் வரைந்தா?" என்று ஒரு சார் கேட்கிறார். இரண்டு நாளாக யோசித்தேன். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

என் கதையே ஒன்று உண்டு. இடுப்பெலும்பில் ஒரு பகுதிக்கு இலியம் என்று பெயர். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இலியம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம், தமிழில் அதுவும் இல்லை. புதிதாக அறுவைச் சிகிச்சை வார்டுக்கு மாறியிருந்தேன். ஒப்படைப்பில், "இலியத்தில் சர்ஜரி, இன்று இரண்டாம் நாள்" என்றார்கள். நான் எலும்பு என்று நினைத்துக்கொண்டு, கட்டில் அருகே போய், "காலை அசைக்கும்போது வலிக்கிறதா?" என்று கேட்டேன். அவர் என்னையும் தன் வயிற்றில் இருந்த கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆகவே, பெயர் வேண்டும். ஆனால் பட்டியலாக வேண்டாம் என்பதில் பின்வாங்க மாட்டேன். சொற்களை உடைத்துப் படி. டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மந்தம். ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. எக்டமி என்றால் வெட்டி எடுத்தாயிற்று, ஆஸ்டமி என்றால் வழி திறந்து வைத்தாயிற்று. சிறுநீரகத்துக்கு நெஃப்ரோ என்பது கிரேக்கப் பெயர், ரீனல் என்பது லத்தீன் பெயர். இரண்டு உறுப்பு என்று நினைத்துக்கொண்டு முதலாண்டை முடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐம்பது துண்டுகள் கையில் இருந்தால் ஆயிரம் சொல்லை ஊகிக்கலாம். ஹைப்போவும் ஹைப்பரும் மட்டும் ஆபத்து. ஒன்று குறைவு, மற்றது அதிகம், போனில் இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். "சர்க்கரை குறைந்திருக்கிறது" என்று தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு வை.

எலும்பைத் தொட்டுப் படி. தொண்டைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து மார்பெலும்பின் மேல் மெல்ல இறக்கு. நான்கைந்து சென்டிமீட்டரில் ஒரு மேடு தட்டும். அங்கே பக்கவாட்டில் வந்து சேர்வது இரண்டாவது விலா எலும்பு. அதிலிருந்து கீழே எண்ணினால் நான்காவது விலா இடைவெளி கிடைக்கும். இ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் முதல் இரண்டு மின்முனைகளை ஒட்டும் இடம் அது, மார்பெலும்பின் இரு ஓரத்திலும். இப்படித் தொட்டுக் கண்டுபிடித்த எலும்பு மறக்காது.

ஜூன் 9, இரவு 11.08

இடது வலது. புத்தகத்தில் உனக்கு வலப்பக்கம் இருப்பது அவருடைய இடது. எப்போதும் நோயாளியின் இடது, நோயாளியின் வலது. சிரிக்காதே, எல்லா வருடமும் யாராவது மாற்றி எழுதுகிறார்கள்.

ஜூன் 11, மாலை 4.30

மூச்சு எண்ணிக்கையைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், "அதைப் போய் யார் எண்ணுகிறார்கள், எல்லா சார்ட்டிலும் 18 தானே?"

ஆமாம், 18 தான். இல்லாவிட்டால் 20. நானும் எழுதியிருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பதினான்கு பேர், ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம் நிற்க யாருக்கு நேரம்? பெரியவர்களுக்கு 12-இலிருந்து 20 வரை இயல்பு என்று புத்தகம் சொல்கிறது, நடுவில் ஒன்றைப் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

ஒருநாள் வயதான ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே இருந்தார். படுக்கச் சொன்னேன், "இப்படியே இருக்கட்டும்மா" என்றார். பேச்சை நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் முடித்தார். ஏதோ இடித்தது. உட்கார்ந்து எண்ணினேன்: 32. முந்தைய மூன்று டியூட்டியிலும் 18 என்று இருந்தது. அதில் ஒன்று என் கையெழுத்து. நிமோனியா. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒருநாள் முன்பே தெரிந்திருக்கும், எண்ணியிருந்தால்.

எண்ணுவதில் ஒரு தந்திரம் இருக்கிறது. "உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடி. கட்டைவிரலால் பிடிக்காதே, அதில் உன் நாடியே தட்டும். நாடியை எண்ணி முடித்ததும் கையை விடாமல், கண்ணை மட்டும் மார்புக்கு மாற்று. ஏறி இறங்கினால் ஒன்று. முழு நிமிடம்.

இதைத்தான் 'முன்பு எவ்வளவு' என்றேன். நல்ல திடகாத்திரமான இளைஞர் ஒரு லிட்டர் ரத்தம் இழந்த பிறகும் பி.பி. விழாமல் இருக்கலாம். உடம்பு ரத்தக் குழாயை இறுக்கி, இதயத்தை விரட்டிச் சமாளிக்கும். பி.பி. 118 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறவனுக்கு நாடி 84-இலிருந்து 116-க்கு ஏறியது கண்ணில் படாது.

ஜூன் 12, இரவு 9.20

பி.பி.யைத் தொட்டுவிட்டேன், இனி விட மாட்டார்கள். சுருக்கமாக.

கைப்பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். உள்ளே இருக்கும் காற்றுப் பையின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் ஏழெட்டுப் புள்ளி சும்மா ஏறும். சட்டைக் கையின் மேலேயே சுற்றாதே. அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதே. குறுக்கே கால் போட்டிருந்தால் இறக்கச் சொல். இவ்வளவையும் மீறிவிட்டு, 138-ஆ 142-ஆ என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பி.பி. அளக்கும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் அந்த டப் டப் சத்தத்தை 1905-இல் முதலில் விவரித்தவர் கொரோட்காஃப் என்ற ரஷ்ய அறுவைச் சிகிச்சை மருத்துவர். கருவியிலிருந்து பாதரசம் போய்விட்டது, 'மில்லிமீட்டர் பாதரசம்' என்ற அலகு மட்டும் போகவில்லை.

ஜூன் 13, காலை 6.50

"விரலில் மாட்டினால் எல்லாம் தெரிந்துவிடுகிறதே, எதற்கு எண்ணிக்கொண்டு?" சரி, ஆக்சிமீட்டர்.

அது காட்டுவது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்பதை. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 14 கிராம் இருப்பவருக்கும் 98 வரும், 7 கிராமே இருப்பவருக்கும் 98 வரும். இருக்கிற பேருந்தெல்லாம் நிரம்பிவிட்டது என்றால் போதுமான பேருந்து ஓடுகிறது என்று அர்த்தமா? புகையில் மாட்டியவருக்கு இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணிக்கொள்ளும். கருமையான தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. விரல் சில்லிட்டிருந்தால் எண்ணையே நம்பாதே.

97-இலிருந்து 90-க்கு இறங்கினால் ஏழு புள்ளிதானே என்று தோன்றும். ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 95 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியிருந்தது 60-க்கு வந்திருக்கும். அதற்குக் கீழே, இந்த இரண்டு எண்ணையும் இணைத்து வரையும் வளைகோடு செங்குத்தாக இறங்குகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடிக்கும். 1970-களின் தொடக்கத்தில் டகுவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தார், இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை. நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதை நீக்க வழி தேடும்போதுதான், அந்தத் தொல்லைக்குள்ளேயே ஆக்சிஜன் கணக்கு இருப்பதைக் கண்டார். 'பல்ஸ் ஆக்சிமீட்டர்' என்ற பெயரில் வரும் பல்ஸ் அந்தத் தொல்லைதான்.

ஜூன் 15, இரவு 10.10

கை கழுவுவதைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. அதுதான் எல்லாருக்கும் தெரியுமே! வகுப்பின் முதல் நாள் நான் ஒரு வேலை செய்வேன். புறஊதா ஒளியில் மின்னும் பசையைக் கொடுத்துத் தடவிக்கொள்ளச் சொல்வேன், அப்புறம் வழக்கம்போல் கழுவிவிட்டு வரச் சொல்வேன். இருட்டாக்கி விளக்கைப் பிடித்தால் உள்ளங்கை சுத்தம். கட்டைவிரலைச் சுற்றி, நகக் கண்ணில், விரலிடுக்கில் மின்மினிப்பூச்சி. மோதிரம் போட்டவர் கையில் திருவிழா. நானும் வருடாவருடம் செய்துபார்க்கிறேன். என் இடது கட்டைவிரல் இன்னும் தேறவில்லை.

ஆல்கஹால் திரவம் சோப்பைவிட வேகம், பெரும்பாலான நேரம் அது போதும். 70 சதவீதத்தை ஒட்டியது, தனி ஆல்கஹாலைவிட நன்றாகக் கொல்லும், புரதம் குலைவதற்குத் தண்ணீரும் வேண்டும். ஆனால் கையில் அழுக்கு தெரிந்தாலோ, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு உள்ளவரைத் தொட்டிருந்தாலோ சோப்பும் தண்ணீரும்தான். அதன் வித்துகள் ஆல்கஹாலுக்கு அசையாது.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவருக்குக் கிருமி என்று ஒன்று இருப்பது தெரியாது. அவரிடம் இருந்தது ஒரு மருத்துவமனையின் இரண்டு பிரசவப் பிரிவுகளின் மரணக் கணக்கு. மருத்துவ மாணவர்கள் இருந்த பிரிவில் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள், மருத்துவச்சிகள் இருந்த பிரிவில் குறைவு. மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே வந்துகொண்டிருந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்தது ஜூனில் இரண்டாக இறங்கியது. அவரும் எண்ணியவர்தான் என்று சொல்ல வந்தேன். நர்சிங்குக்கு வருகிறவர்கள் நைட்டிங்கேலை விளக்கோடு மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் இறந்த வீரர்கள்தாம் அதிகம் என்பதை 1858-இல் வண்ண வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர்.

ஜூன் 20, மாலை 6.05 – கேள்வி கேட்டவர்

அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான்கு பேருக்கு மூச்சு எண்ணினேன். 14, 16, 13, 18. ஐந்தாவதாக எனக்கே எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. கவனித்தவுடன் மூச்சு என் இஷ்டத்துக்கு ஓடுகிறது. மார்பெலும்பு மேடும் கிடைத்துவிட்டது. எண்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஜூன் 20, இரவு 9.30

உன்னுடையதை நீ எண்ண முடியாது, வேறு யாரையாவது உனக்குத் தெரியாமல் எண்ணச் சொல்.

18 வந்தவர் அப்போதுதான் படியேறி வந்தாரா, உட்கார்ந்திருந்தாரா? எத்தனை மணிக்கு எண்ணினாய்? நேரத்தைக் குறிக்கவில்லையே. நாளைக்கு நான்கு பேருக்கும் திரும்ப எண்ணு.